பிள்ளைகளின் மூச்சைப் பற்றி, பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஒருவரின் பையில் வேப் கருவி, அதாவது பேட்டரியில் ஓடும் இ-சிகரெட், இருந்தது. யார் வீட்டுப் பிள்ளை என்று வாட்ஸ்அப் குழுவில் தயவுசெய்து விசாரிக்க வேண்டாம். அந்த வீட்டாரோடு பேசிவிட்டோம், பிள்ளை வழக்கம்போல வகுப்புக்கு வருகிறான். ஆனால் இது ஒரு வீட்டோடு முடிகிற விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

அந்தக் கருவியைப் பார்த்தால் உங்களுக்குச் சந்தேகமே வராது. ஹைலைட்டர் பேனா மாதிரியோ பென் டிரைவ் மாதிரியோ பளிச்சென்று இருக்கும். மாம்பழம், புதினா, பபிள்கம் என்று வாசனை வரும், சட்டையில் சிகரெட் நாற்றம் ஒட்டாது. "வெறும் தண்ணி ஆவிதான் மிஸ்" என்று பிள்ளைகள் நம்பிச் சொல்கிறார்கள். அது தண்ணீர் ஆவி இல்லை. புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், வாசனை ரசாயனங்கள், பெரும்பாலும் நிக்கோட்டின். உள்ளே கம்பிச்சுருள் சூடாகி இவற்றை நுண்துளிகளாக்கும்போது ஃபார்மால்டிஹைடு உண்டாகலாம். சுருளிலிருந்து நிக்கல், குரோமியம் போன்ற உலோகங்களும் கூடவே நுரையீரலுக்குள் போகலாம்.

2019-இல் அமெரிக்காவில் வேப் இழுத்தவர்கள் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிகளில் சேர்ந்தார்கள். 2020 பிப்ரவரிக்குள் 2,800 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டு, 68 பேர் இறந்தார்கள். கஞ்சாச் சத்து கலந்த திரவங்களில் சேர்த்த வைட்டமின் ஈ அசிடேட் முக்கியக் காரணமாகத் தெரிந்தது. இழுத்தவர்களுக்கு அது உள்ளே இருப்பதே தெரிந்திருக்காது. நம் நாட்டில் 2019 முதல் இ-சிகரெட் விற்பதே குற்றம். அதனால் பிள்ளைகள் கைக்கு வருவது எல்லாமே கள்ளச் சரக்கு, உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

நுரையீரல் இருபது வயதைத் தொடும்வரை வளர்கிற உறுப்பு. அந்த வளர்ச்சி குறைந்துவிட்டால் பிற்பாடு முழுதாக ஈடுகட்டுவது கடினம். அதனால்தான் தூசியையும் சேர்த்துச் சொல்கிறேன். பெரம்பூர் பக்கம் மெட்ரோ வேலை நடக்கும் தெருக்களில் வரும் பிள்ளைகளின் ஷூவைப் பாருங்கள், வெள்ளையாகப் படிந்திருக்கும். கண்ணுக்குத் தெரிகிற அந்த மண்ணில் பெரும்பகுதியை மூக்கும் தொண்டையும் பிடித்துவிடும், இருமினால் வெளியேறும். தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லாத நுண்துகள்தான் நுரையீரலின் காற்றறைகள் வரை இறங்குகிறது. வண்டிப் புகை, குப்பை எரிப்பு, போகியன்று கொளுத்தும் டயர் எல்லாம் அந்த வகை. கொசுவத்தியும் அதே ரகம்தான். ஒரு சுருள் எரிந்து முடிந்தால் 75 முதல் 137 சிகரெட் அளவுக்கு நுண்துகள் வெளியாகும் என்று 2003-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. கதவைச் சாத்திய அறையில் பிள்ளை இரவு முழுக்க அதைத்தான் சுவாசிக்கிறது. கொசுவலை கட்டுங்கள், போதும்.

வீசிங் உள்ள பிள்ளைகளின் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். "இன்ஹேலர் போட்டா பழகிடும்" என்ற பயத்தில் பலர் அதைக் கொடுத்தனுப்புவதில்லை, எங்களிடம் சொல்வதும் இல்லை. இன்ஹேலர் போதைப்பழக்கம் ஆவதில்லை. மருந்து நேராக மூச்சுக்குழாய்க்குப் போவதால் மாத்திரையைவிடக் குறைந்த அளவே போதும். பி.டி. பீரியடில் பிள்ளை இளைத்து நிற்கும்போது அது கையில் இல்லாவிட்டால்தான் ஆபத்து.

பையில் வேப் கிடைத்தால் அடிக்காதீர்கள். அடித்தால் அடுத்த தடவை நன்றாக ஒளித்துவைப்பான், அவ்வளவுதான். எங்கே வாங்கினான், யார் கொடுத்தார்கள் என்று பொறுமையாகக் கேளுங்கள், பிறகு என்னை வந்து பாருங்கள். நிக்கோட்டின் பிடித்துவிட்ட பிள்ளைக்கு உதவி வேண்டும். 1800-11-2356 என்ற இலவச எண்ணில் புகையிலைப் பழக்கத்தைக் கைவிட ஆலோசனை தருகிறார்கள்.

பள்ளியில் வகுப்பறைகளை இனி ஈரத் துணியால் துடைக்கச் சொல்லியிருக்கிறேன். டாக்டர் இன்ஹேலர் எழுதிக்கொடுத்திருந்தால், பெயர் ஒட்டி, சீட்டின் நகலோடு இந்த வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்