படம் கோடையில் எடுத்தது, பயணம் ஜனவரியிலா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் கிரீஸின் கிரீட் தீவு பற்றிய கட்டுரையில் 'ஜனவரியில் போனால் எல்லாம் பாதி விலை, கூட்டமும் இருக்காது' என்று ஒரு வரி. கூட்டம் எப்படி இருக்கும்? நவம்பர் பிறந்ததும் கடற்கரை ஊர்களில் பெரும்பாலான ஓட்டல்களுக்குப் பூட்டு. திறப்பது ஏப்ரல் வாக்கில். பூட்டிய ஓட்டலில் பாதி விலையென்ன, முழு விலையென்ன!

அந்த வரிக்குப் பக்கத்திலேயே, தீவின் மலைநடைப் பாதையான சமாரியா பள்ளத்தாக்கின் படம். உங்களுக்குத் தெரியாததல்ல, அது வழக்கமாக மே 1 முதல் அக்டோபர் கடைசி வரைதான் திறந்திருக்கும். சுமார் 1,230 மீட்டர் உயரத்தில் தொடங்கி, அகியா ரூமெலி கடற்கரை வரை 16 கிலோமீட்டர் இறங்க வேண்டும். மலைமேல் மழை பிடித்தால் வெள்ளம் முழுவதும், நாலு மீட்டர் அகலம்கூடத் தேறாத 'இரும்புக் கதவு' இடுக்கு வழியாகத்தான் வரும். ஒதுங்க இடம் கிடையாது. கீழே இறங்கிவிட்டாலும் அகியா ரூமெலிக்குச் சாலை இல்லை, படகுதான். குளிர்காலத்தில் அந்தப் படகை நம்பி யாரும் திட்டம் போடுவதில்லை.

ஜனவரியில் போகவே கூடாது என்று சொல்லவில்லை. ஹெராக்லியோனும் ஹானியாவும் வருடம் முழுக்க இயங்கும் நகரங்கள். இரண்டுக்கும் இடையே குளிர்காலத்திலும் பேருந்து ஓடும். ஆனால் அறை பிடிக்கும்போது சூடேற்றும் வசதி உண்டா, எத்தனை மணி நேரம் ஓடும் என்று கேட்காதவர் கம்பளிக்குள் நடுங்குவார். வெந்நீருக்கு மாடியில் சூரிய ஹீட்டர் இருக்கும். மேகம் மூடிய நாளில் அது பச்சைத் தண்ணீர்தான் தரும். அதை மின்சாரத்தில் சூடாக்க மின்பெட்டியில் தனி சுவிட்ச் இருக்கிறது. குளிக்க அரைமணி முன்னால் போட்டு, குளிக்குமுன் அணைக்க வேண்டும். உங்கள் கட்டுரையாளர் சூரிய அஸ்தமனத்துக்கு ஒரு பத்தி ஒதுக்கினார், இதற்கு ஒரு வரி கிடைக்கவில்லை.

போய்ச் சேரும் வழியும் அப்படித்தான். ஐரோப்பிய நகரங்களிலிருந்து வரும் நேரடி விமானங்கள் பெரும்பாலும் அக்டோபரோடு நின்றுவிடும். பிறகு ஏதென்ஸில் மாற வேண்டும், அல்லது ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்தில் இரவுக் கப்பல், ஏறக்குறைய ஒன்பது மணி நேரம். காற்றின் வேகத்தைச் சொல்லும் பியூஃபோர்ட் அளவில் 8, 9 என்று ஏறினால் துறைமுகத்தார் கப்பலை விடமாட்டார்கள். ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவுக் கப்பலுக்கு டிக்கெட் எடுப்பவருக்கு அனுதாபம் மட்டுமே சொல்லலாம்.

சீசன் இல்லாத காலம் என்றால் எல்லா மாதமும் ஒன்றா? கடல் மெதுவாகச் சூடேறி மெதுவாக ஆறும். அக்டோபரில் தண்ணீர் 22, 23 டிகிரி இருக்கும், நீந்தலாம். ஏப்ரலில் 17தான், ஆனால் மலைச்சரிவெல்லாம் பூ. வெயிலும் பூவும் வேண்டியவர் வசந்தத்தில் போகட்டும், நீந்துபவர் அக்டோபரில்.

இது அந்த ஓர் இதழோடு போகிற குறையும் அல்ல. 'கிரீஸில் சைவர்களுக்கு ரொட்டியும் வெண்ணெயும்தான்' என்று முன்பொருமுறை எழுதினீர்கள். ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களில் மஞ்சள் பட்டாணிப் பருப்பு மசியல், தக்காளியில் வெந்த பெரிய வெள்ளை மொச்சை, எலுமிச்சை பிழிந்த காட்டுக்கீரை எல்லாம் சாதாரண உணவகத்திலேயே கிடைக்கும். நோன்புச் சாப்பாட்டில் இறாலும் கணவாயும் சேர்த்தி, அதை மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும். இன்னொரு முறை 'கிளம்ப ஒரு வாரம் முன்னால் விசா போட்டால் போதும்' என்றீர்கள். கிரீஸ் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா விதிப்படி குறைந்தது 15 நாளாவது முன்னால் விண்ணப்பிக்க வேண்டும். ஆறு மாதம் முன்பிருந்தே வாங்கிக்கொள்கிறார்கள். 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடும் கட்டாயம். அந்த வரியை நம்பியவர்களின் டிக்கெட் பணத்துக்கு உங்கள் பத்திரிகை பொறுப்பேற்றதாகத் தெரியவில்லை.

கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்லும் தகுதி எனக்கில்லை. சமாரியா திறந்திருக்கும் மாதங்களை அடுத்த இதழில் ஒரு சின்னப் பெட்டியில் போடுங்கள். இனி பயணப் படங்களுக்குக் கீழே, எடுத்த மாதத்தையும் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
கோயம்புத்தூர்