நாமே டயல் செய்து மாட்டிக்கொள்ளும் மோசடி

ஆசிரியருக்கு வணக்கம்.

போன் மோசடி பற்றிய சென்ற வாரக் கட்டுரையில், தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தால் எடுக்காதீர்கள் என்று பெட்டி கட்டிப் போட்டிருந்தீர்கள். தப்பில்லை. ஆனால் அல்சூரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிற எனக்கு அது பாதி விஷயமாகத்தான் பட்டது, ஏனென்றால் ஏமாந்துவிட்டு என் கடைக்கு வருகிறவர்களில் பலர் யாருடைய அழைப்பையும் எடுத்தவர்கள் இல்லை, திரையில் இருந்த நம்பரைப் பார்த்து அவர்களே டயல் செய்தவர்கள்.

மர்ஃபி டவுனிலிருந்து ஒரு அம்மா லேப்டாப்பைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். மூடியைத் திறந்ததும் கடை முழுக்கச் சைரன். ஆங்கிலத்தில் ஒரு பெண் குரல், உங்கள் கம்ப்யூட்டர் முடக்கப்பட்டது, அணைக்காதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறது. நடுவில் மைக்ரோசாஃப்ட் சின்னம், கீழே கொட்டை எழுத்தில் ஒரு போன் நம்பர். "அணைச்சா எல்லாம் அழிஞ்சிடும்னு சொல்றாளே தம்பி, பேரன் போட்டோ எல்லாம் இதுலதான் இருக்கு" என்றார். எஸ்கேப் பட்டனைக் கொஞ்ச நேரம் விடாமல் அழுத்திப் பிடித்தேன், முழுத்திரை விலகியது, பக்கத்தை மூடினேன், அவ்வளவுதான். அது வைரஸே இல்லை, முழுத்திரையில் விரிந்த ஒரு சாதாரண வெப் பக்கம். அப்படியும் போகாவிட்டால் கன்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை மூடிவிடலாம். மறுபடி திறக்கும்போது பழைய பக்கங்களைத் திரும்பக் கொண்டுவரட்டுமா என்று கேட்கும், வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும்.

தங்கள் எச்சரிக்கைச் செய்திகளில் போன் நம்பர் இருக்கவே இருக்காது என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. நம்பர் இருந்தால் பொய். பெட்டியில் போட வேண்டியது இதைத்தான்.

அந்த நம்பருக்குக் கூப்பிட்டால் என்ன ஆகும்? பேசுகிறவன் ரொம்ப மரியாதையாகப் பேசுவான், தூரத்தில் இருந்தே நம் கம்ப்யூட்டரை இயக்க விடுகிற எனிடெஸ்க் மாதிரி ஒரு மென்பொருளை இறக்கச் சொல்வான், அதில் வரும் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டு உள்ளே வந்துவிடுவான். அப்புறம் ஈவென்ட் வியூவர் என்ற பதிவேட்டைத் திறந்து சிவப்பும் மஞ்சளுமாக நிற்கிற நூற்றுக்கணக்கான வரிகளைக் காட்டி, பாருங்க சார், எவ்வளவு எரர் என்பான். கெட்டிக்காரத்தனம் இங்கேதான், ஏனென்றால் அவன் காட்டுவது உண்மையாகவே உங்கள் கம்ப்யூட்டரில் இருப்பது! எஸ்.பி. ரோட்டில் நேற்று வாங்கிய புது லேப்டாப்பிலும் அப்படி வரிகள் இருக்கும், விண்டோஸ் சின்னச் சின்னத் தடங்கலையெல்லாம் எழுதி வைத்துக்கொண்டே இருக்கும். இன்னொருவன் உங்கள் கம்ப்யூட்டரின் தனி அடையாள எண் என்று 888டிசிஏ60 எனத் தொடங்கும் ஒரு நீள எண்ணை வாசித்துக் காட்டுவான், திரையிலும் அதுவே இருக்கும். விண்டோஸ் கம்ப்யூட்டர் எல்லாவற்றிலும் அதே எண்தான், என் கடையில் இருக்கிறதிலும்.

ரீஃபண்ட் தருகிறேன் என்று வருகிறவன் இதைவிட மோசம். நெட் பேங்கிங்கைத் திறக்கச் சொல்லிவிட்டுத் திரையைக் கறுப்பாக்கி, பக்கத்தில் தெரிகிற தொகையை மட்டும் மாற்றிவிட்டு, ஐயோ 5,000 போடுவதற்கு 50,000 போட்டுவிட்டேன், திருப்பி அனுப்புங்கள், என் வேலை போய்விடும் என்று அழுவான். திரையில் தெரிகிற எண்ணை யார் வேண்டுமானாலும் மாற்றலாம், வங்கிக் கணக்கில் ஒரு பைசா வந்திருக்காது. நம் ஆட்கள் இரக்கப்பட்டு அனுப்பிவிடுகிறார்கள்.

இதெல்லாம் அமெரிக்காக்காரர்களை ஏமாற்ற இங்கே கால் சென்டர் போட்டு நடத்திய தொழில்தான். 2023 அக்டோபரில் மைக்ரோசாஃப்டும் அமேசானும் கொடுத்த புகார்களின் பேரில் சி.பி.ஐ.யே நாடு முழுக்கச் சோதனை போட்டது. எனிடெஸ்க் வழியாகப் பணம் போவதைப் பற்றி ரிசர்வ் வங்கி 2019-லேயே எச்சரித்தது. இப்போது பிரின்டர் வேலை செய்யவில்லை என்று கூகுளில் கஸ்டமர் கேர் நம்பர் தேடுகிற நம்மூர்க்காரருக்கும் விளம்பரமாக மேலே வந்து நிற்பது சில சமயம் இந்த ஆட்கள்தான். நம்பர் வேண்டுமென்றால் பில்லிலோ அட்டைப்பெட்டியிலோ பாருங்கள்.

ஒன்று சொன்னால் கோபப்படக் கூடாது. மகனோ மகளோ ஒயிட்ஃபீல்டில் சாஃப்ட்வேர் வேலை, அப்பா கூப்பிட்டால் மீட்டிங்கில் இருக்கிறேன் என்று கட் செய்கிறார்கள். மோசடிக்காரன் முதல் ரிங்கிலேயே எடுத்து ஒரு மணி நேரம் பொறுமையாகப் பேசுகிறான். பெரியவர் யாரை நம்புவார்?

உள்ளே விட்டுவிட்டீர்களா, சரி, முதலில் வைஃபை ரவுட்டரின் பிளக்கைப் பிடுங்குங்கள், பணம் போயிருந்தால் உடனே வங்கிக்கும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் கூப்பிடுங்கள், பாஸ்வேர்டுகளை வேறு போனில் இருந்து மாற்றுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் புகார் போனால்தான் நிறுத்தி வைக்க வழி இருக்கிறது. ஆனால் வெட்கப்பட்டுக்கொண்டு, வீட்டில் யாருக்கும் தெரியாமல், இரண்டு நாள் கழித்து லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நேரே என் கடைக்குத்தான் வருகிறார்கள். கடை ராத்திரி ஒன்பது மணி வரை திறந்திருக்கும், லேப்டாப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் 1930-க்குப் போன் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கம்ப்யூட்டர் கடைக்காரர்,
அல்சூர், பெங்களூரு.