தீபாவளி விடுமுறைக்கு முன் பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு, வணக்கம்.

போன வருடம் தீபாவளி முடிந்து பள்ளி திறந்த அன்று, மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டே வந்தான். மணி அடித்ததும் மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டான். "ரெண்டு நாளா கட்டிலுக்கு அடியிலதான் சார் இருந்தான்" என்றார் அவன் அம்மா. அவனுக்கு ஆட்டிசம்; சத்தம், தொடுதல், திடீர் மாற்றம் போன்றவற்றை மூளை வேறு விதமாக உணரும் நிலை அது. நமக்குப் பழகிப்போன வெடிச்சத்தம் அவனுக்கு அடி மாதிரி விழுகிறது. அதை அடம் என்று நினைத்துவிடாதீர்கள். அதனால்தான் இந்த முறை முன்கூட்டியே எழுதுகிறேன்.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு எதுவும் திடீரென்று வருவதுதான் கஷ்டம். விடிகாலையில் எழுப்புவது, தலையில் எண்ணெய், வீடு நிறைய விருந்தாளிகள் எல்லாவற்றையும் போன வருடப் போட்டோக்களைக் காட்டி இன்றே சொல்லத் தொடங்குங்கள். தமிழ்நாட்டில் சில வருடங்களாகக் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 வரைதான் பட்டாசுக்கு அனுமதி. அதைத் தாண்டியும் வெடிக்கத்தான் செய்கிறார்கள். ஆனாலும் அந்த இரண்டு மணி நேரத்துக்காவது ஜன்னலைச் சாத்தி, ஃபேனைப் போட்டு, பிடித்த பாட்டோடு ஓர் அறையைத் தயாராக வையுங்கள். அக்கம்பக்கத்தில் ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் பலரும் கேட்டுக்கொள்வார்கள்.

அந்தப் பையனின் அம்மா இந்த வருடம் புதுச்சட்டையை இப்போதே வாங்கிவிட்டார். கழுத்தில் உறுத்தும் லேபிளைத் தையல் பிரித்து எடுத்து, மொடமொடப்புப் போக மூன்று தடவை துவைத்து, தினமும் பத்து நிமிடம் போட்டுப் பழக்குகிறார். கேட்டபோது எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

ஏ.டி.எச்.டி., அதாவது கவனம் நிலைக்காமல் துறுதுறுவென்று இருக்கும் நிலை உள்ள பிள்ளைகள் கதை வேறு. திரி அணைந்த புஸ்வாணத்தைக் குனிந்து பார்க்க நொடியில் ஓடுவார்கள். கை எட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் நிற்கட்டும், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும். சுட்டுவிட்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். இங்க், பற்பசை எதுவும் தடவ வேண்டாம். காயம் பெரிது என்றால் உடனே 108. தினசரி மாத்திரையை, விடுமுறைதானே என்று டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

ஊருக்குப் போகிறவர்கள் கிணறு, குளம் விஷயத்தில் மிகவும் கவனமாக இருங்கள். சத்தத்தில் மிரண்டு வெளியே ஓடும் பிள்ளைகள் உண்டு. ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலரைத் தண்ணீர் இழுக்கும். சட்டைப் பையில் உங்கள் போன் நம்பரை எழுதி வையுங்கள். காணவில்லை என்றால் முதலில் தண்ணீர்ப் பக்கம் ஓடிப் பாருங்கள், கூடவே ஒருவர் அவசர உதவி எண் 112-ஐ அழைக்கட்டும்.

அப்புறம், சொந்தக்காரர்கள். கன்னத்தைக் கிள்ள வேண்டாம், அதிரசத்தை வாயில் திணிக்க வேண்டாம் என்று கூச்சப்படாமல் சொல்லுங்கள். தயிர்சாதம்தான் சாப்பிடுவான் என்றால் அன்றைக்கும் தயிர்சாதமே இருக்கட்டும். "வளர்ப்பு சரியில்லை" என்று யாராவது சொன்னால், அது உண்மையில்லை என்று உங்கள் பிள்ளையைத் தினமும் பார்க்கிற நான் சொல்கிறேன்.

பள்ளி திறக்கும் அன்று காலை மணி அடிக்க மாட்டோம். வீட்டில் பிள்ளைக்கு விடுமுறை எப்படிப் போனது என்று வகுப்பாசிரியருக்கு நாலு வரி எழுதிக் கொடுத்தனுப்புங்கள். அன்று அரை மணி நேரம் தாமதமாக வந்தாலும் சரி.

அன்புடன்,
தலைமையாசிரியர்