அவ்வா தப்பான சொல் இல்லை, டீச்சர்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு வணக்கம்.

என் மகள் மூன்றாம் வகுப்பு. போன வாரம் 'என் பாட்டி' என்று கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். 'எங்கள் அவ்வா ராகிக் களி கிண்டுவார், புளிச்சகீரை கடைவார், எனக்குத் தலை பின்னிவிடுவார்' என்று ஒரு பக்கம் நிறைய எழுதியிருந்தாள். அவ்வா வந்த நான்கு இடத்திலும் சிவப்பு வட்டம், கீழே 'பாட்டி' என்று ஐந்து முறை எழுதி வரும்படி குறிப்பு. அன்று சாயங்காலம் அவள் வாசலில் நின்று "பாட்டி" என்று கூப்பிட்டாள். முறத்தில் ராகி புடைத்துக்கொண்டிருந்த என் அம்மா திரும்பவே இல்லை. தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று அவருக்குத் தோன்றவில்லை, அந்தப் பெயரில் அவரை இந்த வீட்டில் யாரும் கூப்பிட்டதில்லை.

பொதுத்தமிழ் சொல்லித்தர வேண்டும், சரி. பரீட்சைக்கும் 'பாட்டி' வேண்டும், அதற்கும் நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் தமிழும் தெலுங்கும் கலந்துதான் புழங்கும், ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் போனால் அஜ்ஜி என்று கூப்பிடும் கன்னடப் பிள்ளை அதே பெஞ்சில் இருக்கும், உருது பேசும் வீட்டுப் பிள்ளைக்கு அப்பாவின் அம்மா தாதி, அம்மாவின் அம்மா நானி. இவர்கள் எல்லோருடைய நோட்டிலும் வட்டம் போடுவீர்களா?

அப்புறம், அவ்வா எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்ட சொல்லும் இல்லை. ஔவை என்றால் தாய், மூதாட்டி என்று அகராதியே சொல்கிறது. அதற்கு உறவுச் சொல்தான் இந்த அவ்வா. தெலுங்கில் அது பாட்டி, கன்னடக் கிராமங்களில் அம்மா. தகடூர் அதியமான் நெல்லிக்கனி கொடுத்தது ஔவைக்கு, அந்தத் தகடூர்தான் இன்றைய தருமபுரி. அந்த மண்ணில் பிறந்த பிள்ளையின் 'அவ்வா'வுக்குச் சிவப்பு மை என்றால் மனசு கேட்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'பாட்டி' என்ற சொல்லில் எந்த வழிப் பாட்டி என்று தெரியாது, வீட்டுச் சொற்களில் பலவற்றில் தெரியும். மதுரைப் பக்கம் அப்பாவின் அம்மா அப்பத்தா, கொங்கில் அம்மாவின் அம்மா அமுச்சி, சொன்னாலே யார் வீட்டு வழி என்று புரிந்துவிடும். யாழ்ப்பாணத்தில் அம்மம்மா, அப்பம்மா. துருக்கியிலும் இதே கட்டுமானம்தான்: அம்மாவுக்கு 'அன்னே', அப்பாவுக்கு 'பாபா', அதனால் அம்மாவின் அம்மா 'அன்னேஅன்னே', அப்பாவின் அம்மா 'பாபாஅன்னே'. சுவீடனில் அம்மாவின் அம்மா 'மோர்மோர்', 'மோர்' என்றால் அம்மா. சீனத்தில் 'வைபோ' என்று ஒரு சொல் இருக்கிறது, அதில் 'வை' என்றால் வெளி. பெற்ற மகளின் பிள்ளைக்கு அவர் வெளிப் பாட்டியாம்! எனக்கு அதைப் படித்தபோது வருத்தமாகத்தான் இருந்தது, ஆனாலும் ஒரு குடும்பம் எப்படி யோசித்தது என்பது ஒற்றைச் சொல்லில் இருக்கிறதே. இதை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள், கண்ணை விரித்துக் கேட்பார்கள்.

நான் கேட்பது ஒரே ஒரு பாடவேளை. கரும்பலகையில் 'பாட்டி' என்று எழுதி, ஒவ்வொரு பிள்ளையும் வீட்டில் கூப்பிடும் சொல்லை அதன் கீழே எழுதட்டும். தாதி வேறு, நானி வேறு என்று உருதுப் பிள்ளை எழுந்து சொல்லட்டும். கட்டுரையில் வீட்டுச் சொல் வந்தால் அடிக்காமல், பக்கத்தில் 'பாட்டி' என்றும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

என் மகளின் டீச்சரும் இதைப் படிக்கலாம். திங்கட்கிழமை நோட்டைக் கொடுத்தனுப்புகிறேன் டீச்சர். ஐந்து முறை 'பாட்டி' எழுதிவிட்டாள். நீங்கள் அந்த நான்கு அவ்வாவுக்கும் ஒரு டிக் போட்டுக் கொடுங்கள்.