பெயர்ந்த சில்லு என்னிடம் இருக்கிறது: தனுஷ்கோடி தேவாலயத்துக்காக ஒரு திறந்த மடல்

தனுஷ்கோடி இடிபாடுகளுக்குப் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். 1964 டிசம்பர் 22 இரவு என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. புயல், கடலோடு போன பாசஞ்சர் ரயில், வாழத் தகுதியற்ற ஊர் என்ற அறிவிப்பு எல்லாம் உங்கள் கோப்பிலேயே இருக்கும். நான் எழுதுவது போன டிசம்பரில் நடந்ததைப் பற்றி.

என் அம்மாச்சிக்கு ஞானஸ்நானம் இப்போது இடிந்து நிற்கும் அந்தத் தேவாலயத்தில்தான் நடந்தது. புயலில் தம்பிகள் இருவரைப் பறிகொடுத்தவர். உடலே கிடைக்கவில்லை, அப்புறம் கல்லறைக்கு எங்கே போவது? அதனால் வருடா வருடம் அந்த நாளில், பீடம் இருந்த சுவரடியில் ஒரு மெழுகுவத்தி ஏற்றுவார். இப்போது முட்டி மடங்குவதில்லை. உட்கார ஒரு திண்டு இல்லாமல், மணலில் துண்டை விரித்து உட்கார வைத்தேன். காற்றில் திரி நான்கு முறை அணைந்தது. ஐந்தாவது முறை பற்றிக்கொண்டபோது, "பாட்டி, கொஞ்சம் தள்ளிக்குங்க, போட்டோல விழுறீங்க" என்று ஒரு குரல். அம்மாச்சி ஒன்றும் பேசாமல் மெழுகுவத்தியையும் எடுத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார். அதே சுவரின் மறுபக்கம் ஒரு பையன் பைக் சாவியால் பெயர் செதுக்கிக்கொண்டிருந்தான். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சில்லு பெயர்ந்து விழுந்தது.

அது கடலுக்குள்ளிருந்து எடுத்த பவளப்பாறைக் கல். இன்று பவளத்தை வெட்டினால் வனவிலங்குச் சட்டத்தில் ஜெயிலுக்குப் போக வேண்டியதுதான். ஆகவே உதிர்ந்ததற்கு மாற்றுக் கல் கிடைக்காது. விழுந்ததையே பொறுக்கி, சுண்ணாம்புக் காரை வைத்து அதே இடத்தில் பதிக்க வேண்டும். தயவுசெய்து சிமெண்ட் மூட்டையோடு வந்துவிடாதீர்கள். உப்பு ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சுக்குப் பின்னால் தங்கி, கல்லைத்தான் தின்னும்.

கூரை போட்டுப் புதுக் கோயிலாக்கச் சொல்லவில்லை. நிற்கிற சுவரைக் காப்பாற்றுங்கள். புயலில் போனவர்களின் நினைவிடமாக அதை ஆக்குங்கள். எந்த மதத்துக்காரரும் வந்து உட்கார ஒரு திண்டு, காற்று அடிக்காத விளக்கு மாடம், போட் மெயில் ரயிலில் வந்தவர்கள் இங்கே இறங்கி இலங்கையின் தலைமன்னாருக்குக் கப்பல் ஏறிய காலத்தைச் சொல்லும் நாலு படம். காவலுக்கும் கதை சொல்லவும் அங்கேயே குடிசைகளில் இருக்கும் மீனவப் பிள்ளைகளை வையுங்கள்.

2017-ல் தனுஷ்கோடியைத் தாண்டி நிலம் முடியும் அரிச்சல்முனை வரை ரோடு வந்தது. நல்லதுதான், அம்மாச்சியால் போய்வர முடிவதே அதனால்தான். ஆனால் வருகிறவர்கள் வாயில் எல்லாம் 'பேய் நகரம்'. பேயாம்! அந்தப் பேய்களில் இரண்டு பேர் எனக்குத் தாத்தா முறை. டிக்கெட் போட்டுப் பேய் காட்டும் திட்டம் ஏதாவது இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், உறவுக்காரர்களுக்குச் சலுகை உண்டா என்று கேட்டுக்கொள்கிறோம்.

சரி, கோபத்தை விடுகிறேன். சங்கு, சிப்பி விற்பவர்களை விரட்டிவிட்டு 'பாதுகாத்தோம்' என்று கணக்குக் காட்டிவிடாதீர்கள். அவர்களும் எங்கள் ஆட்கள்தான்.

அடுத்த டிசம்பருக்குள் எல்லாம் முடியாது என்று தெரியும். சுவரைச் சுற்றி ஒரு கயிறு வேலி, உள்ளே ஒரு திண்டு, இப்போதைக்கு இவ்வளவு போதும். சுவரைக் காப்பாற்றுங்கள், நினைவிடமாக்குங்கள் என்று மறுபடியும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

பெயர்ந்த சில்லைத் துணியில் சுற்றி வீட்டில் வைத்திருக்கிறேன். பதிக்க ஆள் வரும் அன்று சொல்லியனுப்புங்கள், கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
பாம்பனிலிருந்து ஒரு பேத்தி