டிரம் கிறுகுது, சூடு இல்லை

கல்லடி,
மார்கழி.

அன்புள்ள மச்சான்,

இஞ்ச எல்லாரும் சுகம். அம்மாட முழங்கால் மாரிக்கு வழமைபோல. சின்னவன் ஏ.எல். கலைப்பிரிவுதான் எண்டு ஒத்தக்காலில நிக்கிறான். நீ அவனோட கதைச்ச பிறகு எங்கட பேச்சு எடுபடுதில்லை, அதுக்கு உன்னோட தனிக் கணக்கு இருக்கு. கண்ணன் இன்னும் அந்தச் சைக்கிளை விக்கேல்ல. இவ்வளவும் போதும்.

எழுதின விசயம் வேற. எங்கட துணி காய வைக்கிற ட்ரையர் சூடு குடுக்காம நிண்டு போச்சு. உன்ட அறுகம்பே லொட்ஜில கிடக்கிறதும் அதே மெஷின். அதனால பாதியில மடிச்சு வைக்காம முழுக்க வாசி.

ஐப்பசி பிடிச்சாத் தை வரைக்கும் இஞ்ச கொடியில போட்டது காயாது, உனக்குத் தெரியும். கெஸ்ட் ஹவுஸ் விரிப்புகள் ஒரு மலைக்குக் குவிஞ்சு கிடக்க, நளினி வந்து சொல்றா, டிரம் கிறுகுது, லைட் எரியுது, கதவைத் திறந்தாத் துணி பச்சைத் தண்ணியாக் கிடக்கு எண்டு. முதல்ல பட்டனைப் பார்த்தேன். சில மெஷினில சூடில்லாம வெறுங்காத்து மட்டும் ஓட ஒரு பட்டன் இருக்கும், பிள்ளையள் அமத்திப்போட்டா இப்படித்தான். அது இல்லை. கதவடியில இருக்கிற பஞ்சு வலையும் சுத்தம்.

டொரொண்டோ அத்தான் போனில, பிரேக்கரைப் பார், ஒரு பக்கம் விழுந்திருக்கும் எண்டார். அவர் சொன்னது அங்கத்தைக்குச் சரி. அங்க ட்ரையருக்கு ரெண்டு உயிர் வயர் வருது. ஒண்டு போனாலும் 120 வோல்ட்டில மோட்டார் கிறுகும், ரெண்டும் சேர்ந்த 240 இல்லாம ஹீட்டர் சூடாகாது. எங்களுக்கு வாறது ஒரே 230. மோட்டார் ஓடுது எண்டாக் கரண்ட் மெஷினுக்கு வருது. பிழை உள்ளுக்குத்தான்.

பிளக்கைக் கழட்டிப்போட்டுப் பின் தகட்டைத் திறந்தேன். வயருகளில கை வைக்க முதல் போனில படம் எடுத்துக்கொண்டேன், நீயும் அப்படிச் செய். ஹீட்டர் எலிமெண்டின்ட வயரைக் கழட்டி மீட்டர் வைச்சா 26 ஓம் கிட்டக் காட்டிச்சு. 2000 வாட் ஹீட்டருக்கு அதுதான் கணக்கு. கொயில் அறுந்திருந்தா ஒண்டும் காட்டாது. சூட்டை அளவா வைச்சிருக்கிற தெர்மோஸ்டாட்டும் சரி. மறுகா, காத்துப் போற பெட்டிக்குப் பக்கத்தில ரெண்டு கால் வைச்ச சின்ன வெள்ளைச் சாமான் ஒண்டு, தெர்மல் பியூஸ். அதில மீட்டர் சத்தமே போடேல்ல. செத்துப் போச்சு. அது ஒருக்கா அறுந்தாத் திரும்ப ஒட்டாது, மாத்தத்தான் வேணும்.

சாமான் கொழும்பில இருந்து வரவேணும் எண்டு தெரிஞ்சதும் நளினி ஆரோ சொன்ன ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டா. மனுசன் வந்தார், ஒரு துண்டு வயரை எடுத்து அந்த ரெண்டு காலையும் சேர்த்து முறுக்கினார், மெஷின் சூடாகிட்டு. "இனி இந்தக் கரைச்சலே வராது" எண்டுபோட்டுக் காசையும் வாங்கிக்கொண்டு போயிட்டார். எனக்கு வந்த கோவம் சொல்லி வேலையில்லை. உள்ளுக்கு அளவு மீறிச் சூடானா ஹீட்டரை நிப்பாட்டுறதுக்கெண்டு வைச்ச கடைசிக் காவல் அது. தெர்மோஸ்டாட் ஒருநாள் ஒட்டிப் பிடிச்சா அதுக்குப் பிறகு தடுக்க வேற என்ன இருக்கு? சுத்திவரப் பஞ்சும் துணியும். அவர் படலை தாண்ட முதல் அந்த வயரைப் பிடுங்கி எறிஞ்சேன்.

அதைவிட, அந்த பியூஸ் ஏன் அறுந்தது எண்டு அவர் ஒரு வார்த்தை கேக்கேல்ல. அதுதான் மச்சான் கேக்க வேண்டிய கேள்வி. சும்மா அறுந்து போற சாமான் இல்லை அது. பின்னுக்கு, சூட்டுக் காத்தை வெளிய விடுற ஹோசைக் கழட்டிக் கையை விட்டேன். சுவரோட மெஷினைத் தள்ளி வைச்சதில ஹோஸ் நசிஞ்சு, அந்த மடிப்பில ஈரப்பஞ்சு கம்பளித் துண்டு மாதிரி இறுகிக் கிடந்தது. இழுத்தா முழங்கை நீளத்துக்கு வருது, நடுவில நளினிட கொண்டை ஊசியும் ஒரு சேட்டு பட்டனும். வெளிச்சுவரில காத்துப் போற மூடி கடல் உப்பில துருப்பிடிச்சு அரைவாசிதான் திறக்குது. சூடு வெளிய போக வழியில்லாம உள்ளுக்கே சுழண்டு பியூஸை அறுத்திருக்கு. பியூஸை மட்டும் மாத்தியிருந்தாப் புதுசும் அறுந்திருக்கும்.

அதுக்கு முதலே மெஷின் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கு. ஒரு ஓட்டத்தில காஞ்ச விரிப்புக்கு ரெண்டு ஓட்டம் தேவைப்பட்டது, மேல் தகட்டில கை வைக்க ஒண்ணா. இப்ப பழைய பியூஸில அடிச்சிருந்த அதே சூட்டு இலக்கம் பார்த்துப் புது பியூஸ் எடுப்பிச்சு, வளையாத 4 அங்குலத் தகரப் பைப் ஒண்டு நீளத்தைக் குறைச்சு நேராப் போட்டாச்சு. மூடியையும் மாத்திட்டேன். வெளியில நிண்டு மூடிக்குக் கிட்டக் கையை வைச்சாக் காத்து முகத்தில அடிக்குது.

இனி உன்ட கதைக்கு வாறேன். போன ஆவணியில வந்தப்ப நீ தோசையும் சம்பலும் தந்து என்னை மயக்கி வைச்சிருந்தாலும் நான் கண்ணால பார்த்தது மறக்கேல்ல. உன்ட மெஷின் நிக்கிறது கிடுகுக் கூரைக்குக் கீழ. ஹோஸ் வெளியிலயே போகேல்ல, அலுமாரிக்குப் பின்னால செருகிக் கிடக்கு. இரவில மெஷினைப் போட்டுவிட்டு உன்ட லொட்ஜில நிக்கிற பொடியன் அதே அறையில படுக்கிறான். சீசன் இல்லாத காலத்திலயும் ஊராக்களின்ட துணி எடுக்கிறாய், அதனால சித்திரை வரட்டும் எண்டு இருக்காத. பொடியனை இண்டைக்கே வேற அறைக்கு மாத்து. நான் வந்து பார்த்த பிறகும் ஆரும் முழிச்சிருக்காத நேரம் மெஷினைப் போடாத. உன்ட மெஷினுக்கு முந்தி அந்த அக்கரைப்பற்று ஆள் ஏதோ "திருத்தினவர்" எல்லே, என்ன திருத்தினார் எண்டு பின் தகட்டைத் திறந்து பார்க்காம எனக்கு நித்திரை வராது. அந்தப் பொடியன்ட தாய் உன்னை நம்பித்தான் விட்டிருக்கிறா.

வாற போயா லீவு அண்டைக்கு முதல் பஸ்ஸிலயே வாறேன், மீட்டரும் சாவியளும் கொண்டு வருவேன். சுவரில ஓட்டை போட ஒரு மேசனைச் சொல்லி வை. மெஷினுக்குப் பின்னால ஒட்டியிருக்கிற லேபிளைப் படம் எடுத்து இண்டைக்கே அனுப்பு, பைப்பை நான் இஞ்சயே வாங்கிக்கொண்டு வாறேன். அதுவரைக்கும் பிளக்கைக் கழட்டி வை.

அன்புடன்,
உன்ட மச்சான்