110 சிசி வண்டிக்கு எதற்குப் பயிற்சி என்றார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் இருசக்கர வாகன மேல்நிலைப் பயிற்சிகள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படத்தில் இருந்த நாலு பேரும் தோல் உடுப்பு போட்டுக்கொண்டு, முழங்கால் தரையில் உரச வண்டியைச் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் என்னைப் போல ஸ்கூட்டர் ஓட்டிப் பிழைக்கிற ஒருத்தி எங்கே போய்ச் சேர வேண்டும் என்று அதில் ஒரு வரி இல்லை. போன ஆறு மாதமாக இதற்காகவே அலைந்தவள் என்பதால் எழுதுகிறேன்.

நான் ஆயுள் காப்பீட்டு முகவர், வயது 46. சேலம் அம்மாப்பேட்டையில் வீடு. 17 வருடமாக ஸ்கூட்டர்தான். மாதம் இரண்டு முறை ஏற்காடு ஏறுவேன். நாகலூர், மஞ்சக்குட்டை பக்கம் காபித் தோட்டங்களில் வேலை செய்கிறவர்கள் பலர் என்னிடம் பாலிசி எடுத்தவர்கள். அந்த மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவும் மனப்பாடம் என்று பெருமை பேசித் திரிந்தவள். போன ஐப்பசியில் ஒரு சாயங்காலம், தூறலில் இறங்கிக்கொண்டிருந்தேன். பயத்தில் மேலிருந்தே பிரேக்கை விடாமல் பிடித்தபடி வந்தேன். பாதி மலை இறங்குவதற்குள் ஒரு கருகல் வாடை. அடுத்த வளைவில் எதிரே வந்த பஸ் முழு ரோட்டையும் எடுத்துக்கொண்டு திரும்பியது. பிரேக்கை அழுத்தினால் லிவர் கைப்பிடி வரை வந்து ஒட்டிக்கொண்டதே தவிர வண்டி நிற்கவில்லை. ஓரத்து மண்ணில் சாய்ந்தேன். முழங்கை தேய்ந்ததோடு போயிற்று. டிரைவர் இறங்கி வந்து வண்டியைத் தூக்கி நிறுத்திவிட்டு, "ஏங்க்கா, பிரேக்கப் புடிச்சுக்கிட்டே வந்தீங்களா?" என்றார். வாடையை வைத்தே கண்டுபிடித்துவிட்டார்.

அதற்குப் பிறகுதான் பயிற்சி தேட ஆரம்பித்தேன். முதலில் போன் செய்த இடத்தில் கேட்ட கேள்வி: "வண்டி எத்தனை சிசி மேடம்?" 110 என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அதுக்கு இதெல்லாம் தேவைப்படாதுங்க மேடம்." 2022-ல் இந்தியாவில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்றும், அதில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள் என்றும் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு சொல்கிறது. அத்தனை பேருமா பெரிய பைக்கில் போனார்கள்?

இரண்டாவது, ஓர் இலவச முகாம். கல்யாண மண்டபத்தில் அரை நாள் படம் காட்டினார்கள், டீ கொடுத்தார்கள், சான்றிதழும் கொடுத்தார்கள். வண்டி வெளியே வெயிலில் நின்றது.

மூன்றாவது, என் தம்பி மகன் போனது: இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தில் இரண்டு நாள். எவ்வளவு கட்டினான் என்பதை இன்றுவரை அவன் அம்மாவிடம் சொல்லவில்லை, நானும் சொல்லப்போவதில்லை. அவனைக் குறை சொல்ல மாட்டேன். வளைவில் திரும்பும்போது முன் சக்கரத்தைப் பார்க்காதே, வெளியே போகிற இடத்தைப் பார், பள்ளத்தையே பார்த்தால் பள்ளத்துக்குத்தான் போவாய் என்று அவன் அங்கே கற்றுக்கொண்டு வந்து சொன்னது எனக்கு மலையில் நிஜமாகவே உதவுகிறது. ஆனால் தடத்தில் எல்லோரும் ஒரே திசையில் போகிறார்கள். எதிர் பஸ் கிடையாது, மண் கிடையாது, குறுக்கே ஆடு வராது.

என் தொழில் புத்தி இங்கே ஒன்று சொல்லச் சொல்கிறது. உங்கள் வண்டிக் காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். பந்தயம், வேகச் சோதனை ஆகியவற்றுக்கு வண்டியைப் பயன்படுத்தினால் காப்பீடு இல்லை என்று பொடி எழுத்தில் இருக்கும். தடத்தில் நடக்கும் பயிற்சியில் வண்டி விழுந்தால் யார் செலவு என்று பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தம்பி மகன் வாங்கவில்லை. ஒரு பக்க இண்டிகேட்டரும் கண்ணாடியும் அவன் கைக்காசில்தான் வந்தன.

நான் கடைசியில் சேர்ந்தது ஈரோட்டுப் பக்கம், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் வாடகைக்கு எடுத்த மைதானத்தில் நடத்தும் வகுப்பு. இரண்டு நாள், ஆறே பேர், 4,500 ரூபாய், அவரவர் வண்டி. போனில் நான் சிசி சொல்வதற்குள் அவர் கேட்டது, "தினமும் எந்த ரோட்டுல போறீங்க?" அந்த ஒரு கேள்விக்காகவே சேர்ந்தேன்.

முதல் நாள் முழுக்க பிரேக் மட்டும். தரையில் சுண்ணாம்புக் கோடு. 40 கிலோமீட்டர் வேகத்தில் வந்து கோட்டில் பிரேக் பிடிக்க வேண்டும், நின்ற இடத்தில் ஒரு அடையாளம் வைப்பார். காலையில் என் அடையாளம் கோட்டிலிருந்து 17 மீட்டர். வெட்கமாக இருந்தது. 2019-க்குப் பிறகு வந்த, என்னுடையது மாதிரி சின்ன ஸ்கூட்டரில் இடது லிவரைப் பிடித்தால் இரண்டு சக்கரமும் கொஞ்சம் பிடிக்கும் என்பதே எனக்குத் தெரியாது. முன் பிரேக்கான வலது லிவரை "தூக்கி அடிச்சிடும்" என்று பயந்து 17 வருடமாகத் தொட்டதில்லை. எலுமிச்சம்பழம் பிழிகிற மாதிரி மெதுவாக ஆரம்பித்து இறுக்கு என்றார். வண்டியின் பாரம் முன்னால் சாய்ந்த பிறகுதான் முன் சக்கரத்துக்குப் பிடிப்பு கூடும், அதற்கு முன்பே வெடுக்கென்று பிடித்தால்தான் சறுக்கும். சாயங்காலம் என் அடையாளம் 11 மீட்டரில் இருந்தது. ஆறு மீட்டர் என்பது நின்றுகொண்டிருக்கும் ஓர் ஆட்டோவும் அதன் முன்னால் இன்னோர் ஆட்டோவும்.

மலை இறக்கத்துக்கும் அவரிடம் பதில் இருந்தது. கியர் இல்லாத ஸ்கூட்டரில் ஆக்ஸிலரேட்டரை முழுக்க விட்டு வேகம் குறைந்துபோனால், கிளட்ச் தானாகக் கழன்று வண்டி சும்மா உருள ஆரம்பிக்கும். என்ஜின் இழுத்துப் பிடிக்காது. அப்போது ஒரு நூல் ஆக்ஸிலரேட்டர் கொடுத்துக் கிளட்சைப் பிடிக்கவிட்டு, பிறகு மூடினால் என்ஜினே பாதி பிரேக் வேலையைச் செய்துவிடும். பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்தால் சக்கரத்துக்குள் இருக்கும் பிரேக் டிரம்மும் அவ்வளவு சூடேறாது. இதை எனக்கு 17 வருடத்தில் ஒரு மெக்கானிக்கூடச் சொன்னதில்லை.

எனக்கு வண்டி பழக்கியது என் வீட்டுக்காரர், கோயில் மைதானத்தில், இரண்டு ஞாயிற்றுக்கிழமை. லைசென்ஸுக்கு எட்டு போட்டேன், காலை ஊன்றாமல் போட்டேன், பாஸ். பிரேக் பிடித்துக் காட்டு என்று யாரும் கேட்கவில்லை. அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் என்ற பேராசிரியர் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் ஆராய்ந்து 1981-ல் அறிக்கை கொடுத்தார். விபத்தில் சிக்கியவர்களில் 92 சதவீதம் பேர் தானாகவோ வீட்டாரிடமோ நண்பர்களிடமோ பழகியவர்களாம். ஆபத்தில் பின் பிரேக்கை மிதித்துச் சறுக்கவிட்டு, முன் பிரேக்கைச் சரியாகப் பிடிக்காமல் விட்டார்களாம். அதைப் படித்ததும் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அமெரிக்கா வரைக்கும் என் பேரு போயிருச்சா" என்கிறார்.

ஆகவே தேடுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். சான்றிதழ் என்ன என்று கேட்காதீர்கள். என் சான்றிதழுக்கு வண்டி இன்ஷூரன்ஸில் ஒரு ரூபாய் குறையவில்லை, இதை இன்ஷூரன்ஸ்காரியே சொல்கிறேன். எட்டு மணி நேர வகுப்பு என்றால் அதில் எத்தனை மணி நேரம் நான் வண்டி மேல் இருப்பேன், ஓர் ஆசிரியருக்கு எத்தனை பேர், என் வண்டியிலேயே பழகலாமா என்று கேளுங்கள். இருபது பேருக்கு ஒருவர் என்றால் வரிசையில் நிற்கத்தான் காசு கட்டுகிறீர்கள். மைதானத்தோடு முடிந்துவிடுமா, ரோட்டில் பின்னால் வந்து பார்ப்பார்களா என்பதையும் கேளுங்கள். என் ஆசிரியர் இரண்டாம் நாள் பவானி ரோட்டில் என் பின்னாலேயே 20 கிலோமீட்டர் வந்தார். லாரிக்குப் பின்னால் நான் ஒட்டிப் போவதை ஏழு முறை எண்ணி வைத்திருந்தார்.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். லைசென்ஸ் சோதனை நடக்கும் மைதானங்கள் ஞாயிற்றுக்கிழமை காலியாகத்தானே கிடக்கின்றன? இப்படிப்பட்ட ஆசிரியர்களுக்குக் குறைந்த வாடகைக்கு விட்டால் கட்டணமும் இறங்கும்.

அதுவரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. ஆறு பேர் சேர்ந்து ஒரு மைதானமும் பார்த்து வைத்தால் சேலத்துக்கே வருவதாக என் பயிற்சி ஆசிரியர் சொல்லியிருக்கிறார். மைதானம் கிடைத்துவிட்டது. என் மகள், பக்கத்துத் தெரு சத்துணவு டீச்சர், என்னோடு வேலை செய்யும் இரண்டு முகவர்கள் என்று நாலு பேர் ஆயிற்று. இன்னும் இரண்டு பெண்கள் வேண்டும். என் முகவரி தங்கள் அலுவலகத்தில் உள்ளது. யாராவது கேட்டு எழுதினால் அருள்கூர்ந்து எனக்கு அனுப்பி வையுங்கள். 110 சிசி போதும்.

இப்படிக்கு,
ஆயுள் காப்பீட்டு முகவர் ஒருவர்,
அம்மாப்பேட்டை, சேலம்.